கம்ப்யூட்டர் வந்தபிறகு கணக்கைத் திருத்துவது யார்?

ஜூன் 2, காலை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் குழுவில் குலசேகரம் தம்பியின் கேள்வி. கீழே வருவதெல்லாம் என் பதில்கள்

எங்கள் ஊரில் ஒரு சின்ன ரப்பர் உற்பத்தியாளர் சங்கம். காலையில் ரப்பர் பால் எடுக்கிறோம். எடை, டி.ஆர்.சி. (பாலில் ரப்பர் எத்தனை சதவீதம் என்பது) எல்லாம் நான்தான் நோட்டில் எழுதுகிறேன். ஓணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்துவிடும் என்கிறார்கள். தராசிலிருந்து எடை நேராக உள்ளே ஏறுமாம், பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகுமாம். என் வேலை நிற்குமா? கம்ப்யூட்டர் வந்த இடங்களில் உண்மையில் என்ன மாறியது? அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். விற்கிறவர்கள் சொன்னதை ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஜூன் 2, இரவு

தம்பி, நான் கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் கணக்கு எழுதினவன். வெளிமாவட்டத்துக்காரர்கள் முந்திரி ஆலை என்று வாசித்துக்கொள்ளுங்கள். முதலில் நோட்டு, பிறகு நோட்டும் கம்ப்யூட்டரும், கடைசியில் கம்ப்யூட்டர் மட்டும் என்று மூன்று காலமும் பார்த்தாயிற்று.

உன் வேலை போகாது என்றுதான் நினைக்கிறேன். பால் அளக்கிற இடத்தில் ஒரு ஆள் எப்போதும் வேண்டும். ஆனால் இப்போது உன் கையில் இருக்கிற ஒன்று போகும். அதை நீ வேலை என்றே நினைத்திருக்க மாட்டாய். ஒரு பெரியவர் வந்து "மக்ளே, நேத்து எனக்க பாலுக்கு எடை கொறச்சு எழுதியிருக்க" என்கிறார். நீ நோட்டைப் புரட்டுகிறாய், பக்கத்தில் நின்றவரிடம் விசாரிக்கிறாய், சரியென்று பட்டால் அடித்து எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறாய். அந்தத் திருத்தத்தைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வந்தபிறகு அதைச் செய்ய யாருக்கு அனுமதி இருக்கும்? தலைவரிடம் முதலில் இதைக் கேள். விலை, வாரண்டி எல்லாம் அப்புறம்.

ஜூன் 3

நேற்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லச் சொன்னார்கள்.

எங்கள் ஆபீசில் தல்லுகிற, அதாவது தோட்டை உடைக்கிற, பெண்கள், தொலி உரிக்கிறவர்கள், தரம் பிரிக்கிறவர்கள் என்று மூன்று கூட்டம். தல்லுகிறவர்களுக்கும் உரிக்கிறவர்களுக்கும் எடைக்குத்தான் கூலி. சாயங்காலம் வரிசையாக வந்து தட்டை வைப்பார்கள். மேஸ்திரி எடையைக் கூவுவார், நான் எழுதுவேன், ஒரு துண்டுச் சீட்டில் அதே எண்ணை எழுதிக் கையில் கொடுப்பேன். அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள்ளோ மணிபர்சிலோ வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை கூலி வாங்கும்போது சீட்டும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்திலேயே சண்டை, அந்த இடத்திலேயே தீர்வு. சிவப்பு மையில் அடித்து எழுதுவேன், மேஸ்திரி பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்.

கம்ப்யூட்டர் வந்ததும் தராசு எண்ணை நேராக ஏற்றிக்கொண்டது. துண்டுச் சீட்டு நின்றுபோனது, வாரக் கடைசியில் அச்சடித்த ஒரே சீட்டு. அதில் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்துகள். தப்பு என்று யாராவது சொன்னால், நான் திரையைப் பார்க்கலாம், தொட முடியாது. திருத்தம் தலைமை அலுவலகத்தில் ஒருவர் கையில் இருந்தது. நான் எழுதி அனுப்பி, அவர் கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, அது வருவதற்குள் அடுத்த கூலியும் வந்துவிடும். ஒரு அக்காவுக்கு இரண்டு நாள் எடை வேறொரு எண்ணில் ஏறிவிட்டது. நம்பர் வில்லையை மாற்றி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். யாருடைய எண்ணில் ஏறியதோ அவளே வந்து "இது எனக்குள்ளது இல்ல சாரே" என்று சொன்னாள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விஷயம், நடுவில் நான் சாட்சி. ஆனாலும் திருத்த முடியவில்லை. கடைசியில் அவர்களே சனிக்கிழமை வாசலில் நின்று காசை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் அந்தத் தப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துவது. பெண்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். "கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் இருக்கு" என்ற பதிலை இரண்டு மூன்று தடவை கேட்டபின் யார் திரும்பி வருவார்கள்? மேலே இருந்தவர்கள் புகார் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அறிக்கையிலும் அப்படித்தான் வந்தது.

ஜூன் 3, இரவு

குழித்துறை நண்பர் கேட்கிறார்: அப்படியானால் நோட்டுக்காலம்தான் பொற்காலமா?

இல்லவே இல்லை. நோட்டுக்காலத்தில் "கழிவு" என்று சொல்லி ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் குறைத்து எழுதுகிற மேஸ்திரிகள் இருந்தார்கள். வேண்டியவர்களுக்கு முள் கொஞ்சம் ஏறும், வேண்டாதவர்களுக்கு இறங்கும். தராசு நேராக எண்ணை ஏற்றத் தொடங்கியதும் அது ஒரே வாரத்தில் நின்றது. தொலி உரிக்கிற பெண்கள்தான் அதை முதலில் உணர்ந்து சொன்னார்கள். எடை விஷயத்தில் கம்ப்யூட்டர் அவர்களுக்கு நியாயம் செய்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரே மாற்றம் எடையில் நியாயத்தைக் கொண்டுவந்தது, தப்பை முறையிடுகிற வழியை அடைத்தது. இரண்டும் ஒன்றாக வந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து அப்படி முடிவுசெய்தார்கள்.

ஜூன் 5

தக்கலையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒரு பதில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம்: வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை கொடுத்தபிறகு கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, பிறகு முழுக் கிளையும் கம்ப்யூட்டர் ஆனது, பிறகு எல்லாக் கிளைகளையும் ஒன்றாக இணைக்கிற கோர் பேங்கிங். எல்லாக் கட்டத்திலும் ஒரே விதி மாறாமல் இருந்தது. ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து பாஸ் செய்வார். தப்பு நேர்ந்தால் பழைய பதிவை அழிக்கக் கூடாது, அதை ஈடுகட்டுகிற எதிர்ப்பதிவு போட வேண்டும். "கவுண்டரில் இருப்பவர் எல்லோரும் திருத்தலாம் என்றால் நாலு மாதத்தில் கிளையை விற்றுவிடுவார்கள், தம்பி" என்று என்னிடம் சொல்கிறார்.

நியாயமான பேச்சு. நான் சிவப்பு மையில் அடித்து எழுதினேன் என்றேன் அல்லவா? அடித்தாலும் கீழே பழைய எண் தெரியும், பக்கத்தில் மேஸ்திரி கையெழுத்தும் இருக்கும். வங்கியில் எதிர்ப்பதிவும் பாஸும் செய்த வேலையை அந்த இரண்டும் எங்கள் நோட்டில் செய்தன. ஆகவே நான் முதல் நாள் சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திருத்தம் தப்பு நடந்த இடத்திலேயே முடிய வேண்டும், தனி ஒருவர் செய்யக் கூடாது, பழையது அழியக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் சரி. எங்கள் ஆபீசுக்கு வந்த கம்ப்யூட்டர் இரண்டாவதையும் மூன்றாவதையும் காப்பாற்றுவதற்காக முதலாவதை வெட்டிவிட்டது.

ஜூன் 6

தம்பி இடையில் கேட்டது: கம்பெனி வேலைக்குக் கம்ப்யூட்டர் முதலில் எங்கே வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரிட்டனில் லயன்ஸ் என்று ஒரு கம்பெனி. டீக்கடைகளும் கேக், ரொட்டிக் கூடங்களும் நடத்தியவர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தாங்களே ஒன்று கட்டினார்கள், பெயர் லியோ. 1951 நவம்பரில் அது ரொட்டிக்கூடத்தின் கணக்கைப் போட்டது. அலுவலக வேலையை வழக்கமாகச் செய்த முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்பார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சம்பளப் பட்டியலும் அதில் ஏறியது.

ஆனால் நான் சொல்ல வந்தது டீக்கடை ஆர்டர். ஒவ்வொரு கடைக்கும் நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று தினமும் முழுப் பட்டியல் வாங்கினால் யார் உட்கார்ந்து ஏற்றுவது? அதனால் ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார்கள். கடைப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூடுதல் குறைவை மட்டும் சொல்வார். வடிவமைத்தவர் டேவிட் கேமினர். முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார், பிறகு எந்திரத்துக்கு எழுதினார். அந்த ஏற்பாட்டில் கடைசி வார்த்தை கடையில் நிற்கிறவருடையது. நாளைக்கு மழை வரும், கேக் போகாது என்று அவருக்குத்தான் தெரியும். எழுபது வருஷத்துக்கு முன்னால் டீக்கடைக்காரர்களுக்குத் தெரிந்தது இது.

ஜூன் 8

யாரோ போஸ்ட் ஆபீஸ் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் சின்ன ஊர்களில் தபால் நிலையத்தைக் கடையோடு சேர்த்து நடத்துகிற தனியாட்கள் உண்டு. 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது, ஃபுஜித்சு கம்பெனியினுடையது. சாயங்காலம் கணக்கை முடிக்கும்போது திரை பணம் குறைகிறது என்று சொல்லும். பெட்டியில் அவ்வளவு பணம் இருந்திருக்கவே இருக்காது. ஒப்பந்தப்படி குறைகிற பணத்தை அவர்கள்தான் கட்ட வேண்டும். கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை, சிலர் சிறைக்கே போனார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களில் பலருக்கு உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று பதில். வெளியிலிருந்து யாரும் உங்கள் கணக்கைத் தொட முடியாது என்றும் நிர்வாகம் வருஷக்கணக்கில் சொல்லிவந்தது. ஆனால் ஃபுஜித்சு ஆட்கள் தூரத்திலிருந்தே தொட முடிந்தது. ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், அந்த ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச்சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். அதற்குள் சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

மென்பொருளில் பிழை வரும், அது பெரிய விஷயமில்லை. கணக்குக்குப் பொறுப்பு கடையில் நிற்கிறவருக்கு, உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கிற வசதி எங்கோ இருக்கிறவருக்கு. இந்தப் பிரிவினைதான் அத்தனை குடும்பங்களையும் நாசமாக்கியது. குலசேகரம் தம்பிக்கு இதை ஏன் சொல்கிறேன்? பால் கணக்கு பொருந்தாத நாளில் மெம்பர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உள்ளே பார்க்கிற உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் வாங்கிக்கொள்ளாதே.

ஜூன் 9

"அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்று ஒருவர். சரி, நம்ம ஊருக்கு வருவோம். பி.எஃப்.

அண்டி ஆபீஸ் பெண்கள் எத்தனையோ பேர் ஒன்றுக்கு மேற்பட்ட ஆபீசில் வேலை செய்தவர்கள். ஒன்றை மூடினால் அடுத்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பி.எஃப். எண். 2014இல் ஒரே நிரந்தர எண், யு.ஏ.என்., கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய எண்களை அதில் சேர்க்கப் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்த வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் பெயர் எழுதுகிற விதம் உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. தகப்பன் பெயர் சில இடத்தில் முதலெழுத்து, சில இடத்தில் முழுசாக. ஆங்கிலத்தில் எழுதின குமாஸ்தாவின் கைக்குத் தக்கபடி ஒரு எழுத்து கூடும், குறையும். பிறந்த தேதி கேட்டால் "பெருமழ பெய்த கொல்லம்" (வருஷம்) என்று சொல்கிற தலைமுறை.

பொருந்தாவிட்டால் இணை உறுதிமொழி கொடுக்க வேண்டும், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திட்டு. ஆபீஸ் மூடிக் கிடக்கிறது, கூரையில் செடி முளைத்திருக்கிறது. முதலாளி கையெழுத்துக்கு எங்கே போவாள்? ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். ஒரு எண்ணில் ஆறு, இன்னொன்றில் ஏழு என்று கிடந்தால் சேர்த்தால் பதிமூன்று, சேர்க்காவிட்டால் ஓய்வூதியமே கிடையாது. அந்தப் பெண் பதிமூன்று வருஷம் தோட்டெண்ணெயில் கையை வெந்துகொண்டு வேலை செய்தது ஊருக்கே தெரியும். மூடின ஆபீசுக்கு மாற்று வழி விதியில் இருக்கிறது, வேறு சான்றுகள் கொடுக்கலாம். ஆனால் அதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். இப்போது என் ஓய்வுநேரத்தில் பாதி அதற்குத்தான் போகிறது. யாருக்காவது உதவி வேண்டுமானால் பழைய கூலிச் சீட்டு, பி.எஃப். சீட்டு, பாஸ்புக், எதையும் எறியாமல் எடுத்து வையுங்கள்.

ஜூன் 10

சின்னக் குறிப்பு. நேற்று கை வெந்ததைப் பற்றி எழுதியதும் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தங்கை கேட்டாள், அவர்களுக்குக் கைரேகை விழுகிறதா என்று. விழுவதில்லை. அண்டித் தோட்டின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பல் தொட்டுத் தொட்டுத் தல்லினாலும் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். வருகைக்குக் கைரேகை எந்திரம் வைத்தபோது தரம் பிரிக்கிறவர்களை அது உடனே அடையாளம் கண்டது, தல்லுகிறவர்களை நிற்கவைத்தது. ஆபீசிலேயே அதிகம் பாடுபட்ட கைகள்தான் வராத கைகள் ஆயின. கடைசியில் அவர்களுக்கு மட்டும் பழையபடி நோட்டு. ரேஷன் கடையிலும் இதே பாடு. அங்கே கண்விழி, அலைபேசிக்கு வரும் எண் என்று வேறு வழிகளும் வந்ததால் பிழைத்தார்கள்.

ஜூன் 13

தூத்தூர் தம்பி எழுதியது மனதை விட்டு அகலவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் நாளைப் பற்றியது அது.

யார் யார் கடலில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அன்று இரண்டு மூன்று பட்டியல்கள். அரசிடம் ஒன்று, பங்குகளில், அதாவது ஊர்க் கோவில்களில், ஒன்று, எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. நம்முடைய ஆழ்கடல் ஆட்கள் பலர் கொச்சியிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்கள், படகில் பல ஊர்க்காரர்கள், பல நாள் தங்கல். புயலுக்கு முன்பே போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. வீடு வீடாகக் கேட்டு, பெயர், படகு, புறப்பட்ட நாள் என்று பங்கில் எழுதிய நோட்டுகள்தான் பல ஊர்களில் ஆதாரமாக நின்றன. நான் கடற்கரை ஊர்க்காரன் இல்லை. ஆனாலும் ஒரு கணக்குக்காரனாக அந்த நோட்டுகளை நினைத்தால் மரியாதை வருகிறது. யாருக்கு விவரம் தெரியுமோ அவரிடம் போய்க் கேட்டு எழுதினார்கள், தப்பென்றால் மறுநாள் அந்த வீட்டுக்காரரே வந்து திருத்தினார்.

பிறகு ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் கடல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் சொல்கிறது, 2019இல் ஜெமினி என்ற கருவியும் வந்தது. இவையெல்லாம் வேண்டும், இன்னும் வேண்டும். தூத்தூர் தம்பி கேட்பது அதற்கு மேல்: படகில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் புறப்படும் நேரத்தில் கரையில் யார் புதுப்பிக்கிறார்கள்? படகு பதிவு ஒரு மாநிலத்தில், புறப்படும் துறைமுகம் இன்னொன்றில், ஏறுகிற ஆள் கடைசி நேரத்தில் மாறுகிறான். படகு எங்கே இருக்கிறது என்பது திரையில் தெரியும், உள்ளே யார் என்பதை ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும். இதற்குப் பதில் தெரிந்தவர்கள், முக்கியமாக மீன்வளத் துறையில் இருக்கிறவர்கள், எழுதுங்கள்.

ஜூன் 15

பேச்சு பட்டாவுக்குப் போய்விட்டது. போகட்டும், சம்பந்தம் இல்லாமல் இல்லை.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எங்கள் குடும்பத்து மூல ஆவணம் மலையாள எழுத்தில்தான் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. சென்டில் பேசுகிறோம், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஏட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது பெயரும் உட்பிரிவும் பிசகின குடும்பங்கள் நிறைய. இன்று பட்டாவை வீட்டில் இருந்தே பார்க்கலாம், இரவு இரண்டு மணிக்கும் பார்க்கலாம். என் அப்பா அதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். பார்ப்பது அவ்வளவு எளிதாகிவிட்டது. திருத்துவதற்கு இன்னும் மனு, சர்வேயர், ஆர்.டி.ஓ. என்று நடைதான். பார்க்கிற வழிக்குச் செலவழித்த கவனத்தில் பாதியைத் திருத்துகிற வழிக்கும் செலவழித்திருக்கலாம்.

கர்நாடகத்தில் பூமி என்ற திட்டத்தில் நில ஆவணங்களை ஏற்றியபோது பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரிலேயே கட்டிவிட்டார்கள். நடுவில் ஒன்றை உருவி முன்னால் வைக்க முடியாது. திருத்தத்துக்கும் கம்ப்யூட்டர் உதவ முடியும் என்பதற்கு இது எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

ஜூன் 16

குழித்துறை நண்பர் பொருளாதாரம் படித்தவர். பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் எழுதிய வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்: கம்ப்யூட்டர் யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் தெரியவில்லை என்று. அதே வருஷம்தான் அவருக்கு நோபல் பரிசும். ஏன் தெரியவில்லை என்பதற்கு பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் மின்சாரத்தைக் காட்டிப் பதில் சொன்னார். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் வந்துவிட்டது. ஆலைகளுக்கு அதன் முழுப்பலன் கிடைக்க 1920கள் ஆனது. முதலில் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள், பழைய தண்டும் பெல்ட்டும் அப்படியே. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் என்று ஆலையையே மாற்றிக் கட்டினபிறகுதான் பலன் வந்தது.

எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபின்னும் நெடுநாள் நோட்டிலும் எழுதினோம், திரையிலும் ஏற்றினோம். வேலை இரட்டிப்பு, பலன் பழையதே. கம்ப்யூட்டர் மீது முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை, நோட்டை விட மனமும் வரவில்லை. தம்பி, உங்கள் சங்கத்திலும் இந்த இரண்டு கணக்குக் காலம் வரும். அதற்கு ஒரு முடிவுநாள் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலங்களையெல்லாம் அது விழுங்கிவிடும்.

ஜூன் 16, சற்றுப் பின்

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டயத்து ரப்பர் ஷீட் விலை முன்பு நம்மூர் வியாபாரிக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதே விலை. இன்று ரப்பர் வாரியம் போடுகிற ஆர்.எஸ்.எஸ். 4 என்ற ஷீட் ரகத்தின் விலையை அருமனையில் அரை ஏக்கர் வைத்திருக்கிறவரும் அலைபேசியில் பார்த்துவிட்டுத்தான் ஷீட்டைக் கட்டுகிறார். விவரம் இரு பக்கமும் போனதால் பேரம் மாறியது. தடுக்கிறவர் யாரும் இல்லை, திருத்த வேண்டியதும் ஒன்றுமில்லை. ஆகவே எல்லா விவர ஏற்பாட்டையும் நான் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

ஜூன் 20

தம்பி டி.ஆர்.சி. பற்றி விவரமாகக் கேட்டிருக்கிறான். இது அவன் தொழில், அவனுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மரத்திலிருந்து வருகிற பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். பணம் ரப்பருக்குத்தான். எடையில் யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை, டி.ஆர்.சி.யில்தான் சண்டை. நூறு கிலோ பாலில் 33க்கும் 36க்கும் வித்தியாசம் மூன்று கிலோ ரப்பர். மெட்ரோலாக் என்ற அளவு மிதவையைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தால் உடனே ஒரு எண் கிடைக்கும், ஆனால் அது தோராயம். பாலின் சூடு, பார்க்கிற கண், பால் கலக்கின விதம் எல்லாம் அதில் ஏறும். மாதிரியை உறையவைத்து, உருட்டி, உலர்த்தி எடை பார்த்தால் துல்லியம், ஆனால் முடிவு மறுநாள்தான்.

கம்ப்யூட்டரில் டி.ஆர்.சி.க்கு ஒரே கட்டம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏற்றினவுடன் பணம் கணக்காகிவிடும். நீ கேட்க வேண்டியது இரண்டு கட்டம்: அன்றைய மெட்ரோலாக் எண் ஒன்று, பிறகு வரும் ஆய்வு எண் ஒன்று, வித்தியாசம் தனி வரியாக அடுத்த பட்டுவாடாவில். அப்படிச் செய்தால் திருத்தம் ஒரு சண்டையாக வராமல் வழக்கமான வேலையாகவே நடந்துவிடும். அதோடு, ஒருவர் தன் எண்ணை ஏற்றுக்கொள்ளும் வரை அவருடைய மாதிரியை எறியாதே. அம்மோனியா சேர்த்து மூடி, எண் ஒட்டி வை. மறுபடி பார்க்க மாதிரி இல்லையென்றால் எந்தத் திருத்த உரிமையும் வெறும் தாளில்தான்.

ஜூன் 21

தக்கலை அக்கா ஒரு வேடிக்கை சொன்னார். அவர் கிளையில் முதல் கம்ப்யூட்டர் வந்த நாளில் அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார்களாம். ஒரு வாடிக்கையாளர் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு இத்தன மரியாதையா, எனக்க பாஸ்புக்க ஒரு மாசமா ஆரும் தொடல்லியே" என்றாராம். அன்றைக்கு முதல் பதிவு அவருடைய பாஸ்புக்குத்தான்.

ஜூன் 29

தம்பி கூட்டம் முடிந்து எழுதியிருக்கிறான். நல்ல செய்தி பாதி, இழுபறி பாதி.

தினமும் பால் ஊற்றினவுடன் தமிழில் சீட்டு அச்சடித்துக் கொடுப்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். டி.ஆர்.சி.க்கு இரண்டு கட்டம் போட விற்கிறவர் கூடுதல் காசு கேட்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருத்தத்துக்கு விற்கிறவர் ஊரிலிருந்து அவருடைய ஆள்தான் உள்ளே வர வேண்டும் என்பதைத் தலைவர் மறுத்துவிட்டார். எழுத்தரும், முறை வைத்து வருகிற ஒரு மெம்பரும் சேர்ந்து அதே நாளில் திருத்தலாம், பழைய எண்ணும் காரணமும் திரையில் நிற்க வேண்டும் என்று தீர்மானம். இதற்காகக் கூட்டத்தில் அதிகம் பேசினவர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அம்மாவாம். அவர் மெம்பர் இல்லை, தோட்டத்துச் சொந்தக்காரருக்காகப் பால் கொண்டுவருகிறவர். அவருக்குப் பாதிப்பங்கு கூலி. எடை தப்பினால் அவர் வயிற்றில்தான் அடி. அவருக்கும் சீட்டின் நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது இன்னும் முடிவாகவில்லை.

தம்பி, அதை விட்டுவிடாதே. நானோ அக்காவோ யோசிக்காத ஒன்றை அவர் யோசித்திருக்கிறார். சங்கத்தின் பட்டியலில் அவர் பெயரே இல்லை, ஆனால் பாலைத் தலையில் சுமந்து வருகிறவர் அவர். சீட்டில் "கொண்டுவந்தவர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல். அதற்கு மென்பொருளில் பெரிய வேலை கிடையாது.

ஜூலை 1

கடைசியாகக் கேட்டது: நான் லீவு போட்டால் என் பாஸ்வேர்டை யாரிடம் கொடுப்பது?

யாரிடமும் கொடுக்காதே. உனக்குப் பதில் உட்காருகிறவருக்கு அவருடைய பெயரில் தனி அனுமதி வாங்கு, கம்ப்யூட்டர் வருகிற முதல் நாளே. உன் பெயரில் வேறொருவர் ஏற்றின எண்ணுக்கு நீ பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. மாதக் கடைசியில் முழுப் பதிவையும் அச்செடுத்து, தலைவர் கையெழுத்தோடு ஒரு கோப்பில் போட்டு, சங்கத்தின் பீரோவில் வைத்துப் பூட்டு. மெம்பர் யார் கேட்டாலும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று பலகையிலும் எழுதிப் போடு.